பல் வைத்த கத்தியா, நேர்க்கூர்க் கத்தியா?

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய பாத்திரக் கடைகளில் காய்கறிக் கத்தி கேட்டால், கடைக்காரர் இப்போது இரண்டு வகைகளை எடுத்து வைக்கிறார். விளிம்பு ஒரே கோடாக வழுவழுப்பாக ஓடும் வழக்கமான கத்தி ஒன்று. விளிம்பு முழுவதும் அலை அலையாகப் பல் வெட்டிய கத்தி மற்றொன்று. “பல் வைத்தது மழுங்காது, சாணை பிடிக்கவே வேண்டாம்” என்ற பேச்சோடு இரண்டாவதுதான் பெரும்பாலும் கைக்கு வருகிறது. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. இந்த இரண்டு வகைகளோடு, தோப்பு வேலைக்கென்று வாங்கிய, விளிம்பில் பாதி நேராகவும் பாதி பல்லாகவும் உள்ள மடக்குக் கத்தி ஒன்றையும் நெடுநாள் பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு முதற்கத்தி நேர்க்கூராகத்தான் இருக்க வேண்டும், பல் வைத்தது இரண்டாவதாக, சிறியதாக, தனியாக இருந்தால் போதும், இரண்டையும் ஒரே தகட்டில் சேர்த்தது எனக்கு எதற்கும் முழுதாக உதவவில்லை.

பல் வைத்த விளிம்பு எப்படி வெட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். நேர்க்கூரை ஒரு பொருளின் மேல் வைத்து அழுத்தும்போது நம் கையின் விசை விளிம்பு நெடுகப் பரவுகிறது. பல் வைத்ததிலோ அதே விசை சில பல் முனைகளில் மட்டும் குவிவதால், வழுக்கும் தோலிலும் முறுக்கேறிய நாரிலும் அது உடனே பிடித்துக்கொள்கிறது. பலகையில் உரசுவதும் அந்த முனைகள்தாம். பற்களுக்கு இடையிலுள்ள குழிவுகள் எதிலும் படாமல் கூராகவே இருக்கின்றன. அதனால்தான் முனைகள் தேய்ந்த பிறகும் அந்தக் கத்தி இழுத்து அறுக்கும்போது வெட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அது அறுக்கும் கத்தியே அன்றி, அழுத்தி நறுக்கும் கத்தி அன்று. முன்னும் பின்னும் இழுக்காமல் அதனால் வேலை நடக்காது. இழுக்கும்போது வெட்டுமுகம் சற்றுக் கிழிந்தே வரும்.

தக்காளியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பழுத்த நாட்டுத் தக்காளியின் மேல் மழுங்கிய நேர்க்கூரை வைத்தால் தோல் உள்வாங்கிச் சாறு பலகையில் ஓடும். பல் வைத்த சிறிய கத்தியோ எடை போடாமலேயே தோலைத் திறந்துவிடும். சுவிட்சர்லாந்தில் 1884-இல் தொடங்கிய விக்டோரினாக்ஸ் விற்கும், முனை உருண்ட, 11 செ.மீ. அலைவிளிம்புக் கத்தி இவ்வகையில் பரவலாகத் தெரிந்தது. தக்காளி, எலுமிச்சை, பன், ரொட்டி ஆகிய நான்குக்கும் அதைவிட எளிதான கருவி என் சமையற்கட்டில் இல்லை. முனை கூராக இல்லாததால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தாமே பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொள்ளவும் அதைத் தயங்காமல் கொடுக்க முடிகிறது.

ஆயினும் நம் வீட்டுச் சமையலில் அந்த நான்கு பொருள்களும் சிறு பங்குதான். கீரையைப் பொடியாக அரிவதற்கு விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையைத் தொட வேண்டும். பல் வைத்த கத்தி குழிவுகள் விழும் இடங்களில் இலையை வெட்டாமல் விட்டுவிட்டுச் சரம் சரமாக இழுத்து வரும். சின்ன வெங்காயத்தைக் கூரான நேர்விளிம்பு நசுக்காமல் வெட்டுவதால் கண்ணில் எரிச்சலும் குறைவாக இருக்கிறது. வாழைத்தண்டில் வட்டமாக நறுக்கி விரலில் நாரைச் சுற்றி எடுப்பதே நம் வழக்கம். பல் வைத்த கத்தியில் அந்த நார் ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். பலாப்பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணெய் தடவிய நேர்க்கூரிலிருந்து பாலைத் துணியால் வழித்துவிடலாம். பல் குழிவுகளில் இறுகிய பாலை எடுப்பதற்குள் பழத்தின் மேல் இருந்த ஆசையே போய்விடும். இன்னொரு குறையும் உண்டு. பல் வைத்த கத்திகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டுமே சரிவாகக் கடையப்பட்டவை என்பதால், பரங்கிக்காய், சேனை போன்ற தடித்த பொருள்களில் வெட்டு நேராக இறங்காமல் ஒருபுறமாகச் சாய்ந்துகொண்டே போகும்.

இனி, சாணை. கடைக்காரரின் பேச்சில் பாதி பொய்யான இடம் இதுதான். பல் வைத்த கத்திக்குச் சாணை வேண்டாம் என்பதற்கு உண்மையான பொருள், அதற்குச் சாணை பிடிக்க நம் தெருவில் ஆளில்லை என்பதே. சைக்கிளில் சக்கரம் கட்டி வரும் சாணைக்காரர் அரிவாள்மனையையும் நேர்க்கூர்க் கத்தியையும் சில நிமிடங்களில் தீட்டித் தந்துவிடுவார். பல் வைத்ததைக் கொடுத்தால் அவருடைய தட்டைச் சக்கரம் பல் முனைகளைத்தான் முதலில் தின்னும். அதை முறையாகத் தீட்ட, குழிவுக்குள் நுழையும் அளவுக்குக் கூம்பிய உருண்டைத் தீட்டுக்கோல் ஒன்றை, சரிவு உள்ள பக்கத்திலிருந்து மட்டும் ஒவ்வொரு குழிவிலும் தனித்தனியாக ஓட்டி, மறுபக்கத்தில் எழும் பிசிறைத் தட்டைக் கல்லில் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இயலாத வேலை இல்லை. எத்தனை பேர் செய்வார்கள் என்பதுதான் கேள்வி.

நேர்க்கூருக்கு இந்தத் தொல்லைகள் கிடையா. 1000 எண் (கல்லின் மணி எவ்வளவு நுண்மையானது என்பதைக் காட்டும் எண்) தட்டைக் கல் ஒன்றில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கம் பிசிறு எழும் வரை தேய்த்து, பின்பு மறுபக்கமும் அப்படியே செய்தால் போதும். கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையின் மெருகில்லாத அடிவிளிம்பே அவசரத்துக்கு உதவும். சாணைக்காரரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விளிம்பு நீலம் பாரிக்கும் அளவுக்குச் சூடேறினால் எஃகின் பதம் போய்விடும், அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுக்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

வெளி வேலைக்கு வந்தால் கணக்கு சற்று மாறுகிறது. பல் வைத்த விளிம்பு நமக்குப் புதிதன்று; நெல் அறுத்த கருக்கரிவாள் அதுவே. நெல் தாளில் சிலிக்கா மிகுதி என்பதால் நேர்க்கூர் விரைவில் மழுங்கும். கருக்கு வெட்டிய அரிவாளோ பிடித்த தாளை நழுவவிடாமல் இழுத்து அறுக்கும். பெரியாறு பாசனத்தில் விளையும் வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்களில் இன்று பெரும்பாலும் இயந்திரம்தான் அறுக்கிறது என்றாலும், வரப்போரத்துப் புல்லுக்கு அந்த அரிவாள் இன்னும் தேவைப்படுகிறது. தென்னங்கயிறு, நைலான் கயிறு, நனைந்த வாழைநார், சாக்குத் தையல், பொட்டலம் கட்டிய பிளாஸ்டிக் பட்டை ஆகியவற்றுக்கும் பல் வைத்ததே கை கொடுக்கும். கழுத்துக் கயிறு இறுகிய ஆட்டையோ கன்றையோ விடுவிக்க வேண்டிய நேரத்தில், முனை உருண்ட பல் கத்தியைவிடப் பாதுகாப்பானது வேறில்லை.

ஆனால் தோப்பில் கயிறு அறுப்பது மட்டுமா வேலை? சொட்டுநீர்க் குழாயைப் பல் வைத்த கத்தியால் அறுத்தால் வெட்டுவாய் பிசிறடித்து, இணைப்பு சரியாக உட்காராமல் கசியும். உள்ளே விழும் துகள் போய்ச் சொட்டுவாயை அடைக்கும். நத்தம், அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளில் ஒட்டுக்கட்டுகிறவர்கள் பல் வைத்த கத்தியைத் தொடவே மாட்டார்கள். ஒட்டுக்குச்சியின் வெட்டுமுகம் ஒரே இழுப்பில் வழுவழுப்பாக வந்தால்தான் இரண்டு தண்டுகளும் இடைவெளியின்றிப் பொருந்திக் கூடும். குச்சி சீவுவது, முளை கூராக்குவது, கோழியை உரித்துத் துண்டாக்குவது எல்லாமே நேர்க்கூரின் வேலை. கிளை வெட்டும் கனமான வேலைக்குத் திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிறது. அதற்குப் போட்டியாக எந்தக் கத்தியையும் இங்கே நிறுத்தப் போவதில்லை.

இந்த இடத்தில்தான் பாதிக்குப் பாதி மடக்குக் கத்தி ஆசை காட்டுகிறது. ஒன்றில் இரண்டு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்னிடம் உள்ளதில் பல் பகுதி பிடியை ஒட்டி இருக்கிறது; இவ்வகைக் கத்திகளில் அதுவே வழக்கமான அமைப்பு. குச்சி சீவும்போது கையின் முழு விசையும் கட்டுப்பாடும் கிடைப்பது விளிம்பின் அந்தப் பகுதியில்தான். அங்கே பல் இருப்பதால் மரம் சீவலாக வராமல் பிய்ந்து வருகிறது. சரி, கயிறாவது அறுக்குமா என்றால், பல் பகுதி இரண்டு விரல் அகலம்கூட இல்லாததால் தடித்த கயிற்றில் இரண்டு இழுப்புக்குள் நேர்ப்பகுதிக்கு வழுக்கிவிடுகிறது. தீட்டும்போதும் ஒரே கத்திக்குத் தட்டைக் கல், உருண்டைக் கோல் என இரண்டு கருவிகள் தேவைப்படுகின்றன. பையில் ஒரே கத்திக்குத்தான் இடம் உண்டு என்பவர் முழுவதும் நேர்க்கூரான மடக்குக் கத்தியை வாங்கிக் கூராக வைத்திருக்கட்டும். கூர் குன்றாத நேர்விளிம்பு கயிற்றையும் அறுக்கும். நைலான் கயிற்றோடும் சாக்கோடும் நாள் முழுவதும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மட்டும் முழுவதும் பல் வைத்ததைச் சொல்வேன்.

வாங்கும்போது பல் வைத்த கத்தியில் குழிவுகள் அகலமாக, அலை போல இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மிக நுண்ணிய பற்களுக்குள் எந்தத் தீட்டுக்கோலும் நுழையாது. நேர்க்கூரில், விளிம்பு பிடியின் அடிவரை ஓடுகிறதா, பிடிக்கும் பலகைக்கும் நடுவே விரல் கணுக்களுக்கு இடம் இருக்கிறதா என்பவையே முக்கியம். பல் வைத்தது சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. அது தேய்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பதால், கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கை நேர்க்கூர்க் கத்திக்கும் ஒரு நல்ல தீட்டுக்கல்லுக்கும் ஒதுக்குவதே சரியாக இருக்கும்.