ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ் சிம்பொனி: பேஸ் கேட்காவிட்டால் பாதி இல்லை

‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்’ என்ற அமெரிக்க அரசியல் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை பலருக்குத் தெரியும். ஒன்றரை நிமிடம் ஓடும். இரண்டாம் பாகம் பார்க்கத் தொடங்கும்போதே அதைத் தாண்டிவிடுவார்கள். அதற்குப் பின்னால் 6 பருவங்கள், 73 பாகங்களுக்கு எழுதப்பட்ட இசை கிடக்கிறது. அந்த இசையிலிருந்து இசையமைப்பாளர் ஜெஃப் பீல் தானே எடுத்துக் கோத்து, முழு ஓர்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதியதுதான் ‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ் சிம்பொனி’. 2018இல் சுவீடனின் பிஸ் நிறுவனம் இரண்டு தட்டுகளாக வெளியிட்டது. வாசித்தது 1912இல் தொடங்கிய நோர்ஷோப்பிங் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா, நடத்தியவர் பீல். தொடரின் அரசியலைப் பற்றியும் நடிப்பைப் பற்றியும் எவ்வளவோ எழுதியாயிற்று. இந்தத் தட்டு அந்தப் பேச்சில் அடிபடவே இல்லை. அது பெரிய இழப்பு.

முதலில் அந்த முகப்பிசையையே எடுப்போம். திரையில் வாஷிங்டன் நகரம் வேகமாக ஓடும். பாலங்கள், சிலைகள், வாகன வெளிச்சம் எல்லாம் வரும், மனித முகம் ஒன்றும் வராது. நம்முடைய கூத்தில் அரசன் களரிக்குள் வருமுன் வரவுப் பாட்டு வரும். முள்ளியவளைக் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரியும்: மத்தளமும் தாளமும் முன்னே வந்து, வருகிறவன் யாரென்று சொல்லிவிடும். பீல் எழுதியதும் ஒரு வரவுப் பாட்டுத்தான், ஆனால் களரிக்குள் யாரும் வருவதில்லை. ஆசனம் வெறுமையாக இருக்க, இசை மட்டும் சுற்றிச் சுற்றி வரும். 1990இல் வந்த பிபிசி மூலத் தொடருக்கு ஜிம் பார்க்கர் எழுதியது நேரடியான அணிவகுப்பு இசை. அது ஆளைக் காட்டியது. அமெரிக்க வடிவம் ஆளை மறைத்துவிட்டு இடத்தைக் காட்டுகிறது.

இந்த இசை கட்டப்பட்டிருப்பது கீழிருந்து மேலே. அடியில் எலக்ட்ரிக் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிற்றார், ஒரே இசைச் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதை எங்கள் ஆதார சுருதியோடு குழப்பக்கூடாது. சுருதி நிற்கும், இது நடக்கும், ஆனால் போய்ச் சேராது. மத்தளக்காரர் ஒரு தாளக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பதோடு ஒப்பிடுவதே சரி. அதற்கு மேலே தந்திகள், பிறகு ட்ரம்பெற். ட்ரம்பெற் பீலின் சொந்த வாத்தியம். அரச சடங்குக்கும் படைவீரரின் மரணச் சடங்குக்கும் அமெரிக்காவில் ஒலிக்கிற அந்தக் குரலை அவர் இங்கே சடங்கு நடக்காத இடத்தில் வைக்கிறார்.

உண்மையான வேலை நடப்பது காந்தாரத்தில், சரிகமவின் ‘க’வில். அடித்தளம் தாழ்ந்த காந்தாரம் உள்ள மைனரில் நிற்கும்போது மேலே அரைச்சுரம் உயர்ந்த மேஜர் காந்தாரம் வந்து உரசுகிறது. சட்சத்தை 6 கட்டையில், அதாவது ஏயில் வைத்தால், கீழே சி, மேலே சி ஷார்ப். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் உடனே நாட்டையை நினைப்பார்கள். நாட்டையில் ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் ஒரே ராகத்தில் உண்டு. கீபோட்டில் ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே கட்டைதான். ஆகவே சுரங்கள் நமக்குப் புதியவை அல்ல. நாட்டையில் அந்த ரிஷபம் காந்தாரத்துக்கு ஏறும் படியாகிறது, இரண்டும் ஒரு குடும்பம். பீலிடம் இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடும் இரண்டு காந்தாரங்கள். வெற்றியா வீழ்ச்சியா என்று காது முடிவெடுக்க முன் அடுத்த சுற்றுத் தொடங்கிவிடும். பதவி ஏற ஏறப் பயமும் கூடும் ஒரு மனிதனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சுர அமைப்பைக் கற்பனை செய்வது கடினம்.

சிம்பொனியில் இந்த மோதல் விரிவாகக் கேட்கிறது. தொடரில் வசனத்துக்குக் கீழே அமுங்கிக் கிடந்த உள்வரிகள், முக்கியமாக வியோலாவும் செல்லோவும், இங்கே தலை நிமிர்ந்து வருகின்றன. பித்தளை வாத்தியங்கள் சேரும் இடங்களில் ஓர்கெஸ்ட்ராவின் பருமன் நியாயமாகிறது. பீலின் மனைவி ஜோன் பீலின் சோப்ரானோக் குரல் வரும் பகுதிகளும் அப்படியே. சொல்லில்லாத அந்தக் குரல் ஒப்பாரியின் இழுப்புக்கு மிக அருகில் போய் நின்றுவிடுகிறது. எலக்ட்ரிக் பேஸ் வாசிப்பவர் மகன் ஹென்றி பீல். ஓர்கெஸ்ட்ராவில் டபிள் பேஸ்கள் இருக்கும்போதும் எலக்ட்ரிக் பேஸைக் கைவிடாதது சரியான முடிவு. வில்லால் இழுக்கும் பேஸுக்கு அந்தக் குத்தும் வறட்சியும் வராது.

குறை எங்கே? தொடருக்காகப் பதிந்தது சிறிய தந்திக் குழு. ஒவ்வொரு வில்லும் தனித்துக் கேட்கும், கொஞ்சம் கீறலாகக்கூட. அந்தக் கீறல்தான் தொடரின் குளிர். பெரிய குழுவில் 12, 14 வயலின்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது கீறல் கரைந்து வழுவழுப்பாகிவிடுகிறது. மிக மெல்லிய பகுதிகளில், ஒரு பியானோச் சுரமும் ஒரு தந்தியும் போதும் என்ற இடங்களில், தொடரின் மூலப் பதிவே மேல். உரத்த இடங்களில் சிம்பொனி மேல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் வேறுபாடு விளங்கிவிடும்.

கேட்பதில் கவனம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேஸின் அடித்தந்தி ஈ 41 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 41 அதிர்வு, அதற்கு மேலுள்ள ஏ 55 ஹேர்ட்ஸ். கைபேசியின் சிறு ஸ்பீக்கர் அந்த ஆழத்தைத் தரவே தராது. 55க்குப் பதிலாக 110, 165, 220 என்ற மேலொலிகளில் மேற்பகுதி மட்டும் வரும். மூளை மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும். திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியிலும் இதே கதைதான், அது பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் நல்லது. பெரிய பெட்டி ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் காதுக்குள் செருகும் இயர்போனே மலிவான வழி. அதன் றப்பர் முனை காதை இறுக்கமாக மூட வேண்டும். முனை ஒரு அளவு சிறிதானாலும் பேஸ் முழுவதும் ஓடிவிடும். பெட்டியோடு வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பார்த்து, பேஸ் கூடுதலாகக் கேட்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சத்தத்தின் வீச்சு. பிஸ் நிறுவனம் மெல்லியதை உயர்த்தி உரத்ததை அமுக்கிச் சமப்படுத்தாது. அது அதன் பெருமை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி ஓடும் அறையில் மெல்லிய பகுதி காணாமல் போகும். கேட்பவர் சத்தத்தைக் கூட்டுவார். இரண்டு நிமிடத்தில் பித்தளை வந்து காதில் அறையும். ஆகவே முதலில் உரத்த பகுதி ஒன்றைப் போட்டு, தாங்கக்கூடிய உச்சத்தில் சத்தத்தை வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். மழை இல்லாத இரவு நல்லது.

தட்டா, தரவிறக்கமா? இது ஹைபிரிட் எஸ்ஏசீடி: சாதாரண சீடி அடுக்கும், அதைவிட உயர்தரமான எஸ்ஏசீடி அடுக்கும் சேர்ந்த தட்டு. சாதாரண சீடி பிளேயரிலும் பழைய டிவிடி பிளேயரிலும் வேலை செய்யும், ஆனால் சீடி அடுக்கு மட்டும்தான் வாசிக்கப்படும். மடிக்கணினியின் டிவிடி டிரைவ்கூட எஸ்ஏசீடி அடுக்கை வாசிக்காது. அதற்குரிய பிளேயர் இல்லாதவர்கள் அந்த அடுக்குக்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சீடித் தரத்திலான தரவிறக்கம் போதும். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. சுருக்காத சீடித் தரம் நிமிடத்துக்கே 10 எம்பிக்கு மேல். டேற்றா போதாவிட்டால் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, பென்ட்ரைவில் வைத்துக் கேளுங்கள். சிக்னல் குறையும்போது இசைச் செயலிகள் தரத்தைத் தானாகவே இறக்கிவிடும். அப்போது முதலில் மங்குவது தந்திகளின் அந்த உரசல்.

பாடசாலை வாத்தியக் குழுக்களுக்கும் முகப்பிசை நல்ல பயிற்சி. 1 கீபோட், 4 மெலோடிக்கா, 2 ரெக்கோடர், 1 ட்ரம்பெற், 1 சைட் ட்ரம் இருந்தால் தொடங்கலாம். பேஸ் கீபோட்டின் இடக்கைக்கு. 32 கட்டை மெலோடிக்காவின் அடிச்சுரம் எஃப்3, அதற்குக் கீழே அதால் இறங்க முடியாது. கீபோட்டின் ‘ஸ்டைல்’ தாளத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் அது தானாக மைனர் கோர்ட் போட்டு உரசலைச் சகதியாக்கிவிடும். ஏ மைனர் பிரதி மெலோடிக்காவுக்கும் ரெக்கோடருக்கும் வசதி, பி ஃபிளாற் ட்ரம்பெற் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிப்பதால் அதற்கு அது பி மைனராகும். பிள்ளைகள் தடுமாறினால் எல்லோரையும் ஜி மைனருக்கு இறக்குங்கள்; ட்ரம்பெற் ஏ மைனரில் நிம்மதியாக வாசிக்கும். ஏயிலேயே வைத்தால் ரெக்கோடரின் அடிச் சி ஷார்ப்புக்கு, கடைசி இரட்டைத் துளையில் ஒன்றை மட்டும் மூட வேண்டும். அதைத் தனியாக ஒரு நாள் பழக்குங்கள்.

மெலோடிக்கா சிலவற்றின் ஏ 442 ஹேர்ட்ஸில் இருக்கும், கீபோட்டின் ஏ 440இல். சேர்ந்து வாசித்தால் வினாடிக்கு இரண்டு அலை அடிக்கும். மெலோடிக்காவைத் திருத்த முடியாது, கீபோட்டின் ட்யூனிங்கை 442க்கு உயர்த்துங்கள். பயிற்சியின் முதல் 5 நிமிடமும் பேஸ் தனியாக, ஒரே வேகத்தில். இந்த இசையில் வேகம் கூடினால் அச்சுறுத்தல் போய் அவசரம்தான் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பிரதியில் சியும் சி ஷார்ப்பும் மோதுவதைக் கண்டு, அச்சுப் பிழை என்று எண்ணி ஒன்றை அழித்துவிடுவார்கள். அழித்ததும் எல்லாம் ‘சரியாக’ ஒலிக்கும். அந்த நிமிடத்தில் இசை செத்துவிடும். மோதும் இரு பகுதிக்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மற்றவரைப் பின்தொடராமல் தன் சுரத்தைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள்.

இதே வெளியீட்டில் ஷாரன் பெஸாலி வாசிக்கும் புல்லாங்குழல் கொன்சேற்றோவும் (தனி வாத்தியமும் ஓர்கெஸ்ட்ராவும் சேரும் படைப்பு), ஜேசன் வியோ வாசிக்கும் ‘சிக்ஸ் சிக்ஸ்டீன்’ என்ற கிற்றார் கொன்சேற்றோவும் உள்ளன. கிற்றார் படைப்பைத் தவறவிடாதீர்கள். சிம்பொனியைக் கேட்ட அன்றே அல்ல, அடுத்த நாள், காது ஆறிய பிறகு.