சுண்ணாம்புக் கோட்டிலிருந்து ஒரு முழம்: டெல்டாவின் கால்பந்து மைதானங்கள்

கும்பகோணத்திலிருந்து நண்பர்கள் நால்வர், இரண்டு கோடைகளாக, கால்பந்து எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் போய்வருகிறோம். நாங்கள் பார்ப்பது தொலைக்காட்சியில் வரும் ஆட்டம் அன்று. நாட்டளவிலான போட்டிகளின் கீழ்ப்படியாக 2023–24இல் ஐ-லீக் 3 தொடங்கப்பட்டது. அதற்கும் கீழே மாநில லீக், அதற்கும் கீழே மாவட்ட லீக், எந்தக் கணக்கிலும் சேராமல் ஊர்தோறும் நடக்கும் எழுவர் போட்டி என்று படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. அந்தக் கடைசி இரண்டு படிகளில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. ஆட்டக்காரர்களின் திறமையை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. பெட்ரோலுக்கும் போண்டாவுக்கும் செலவழித்துப் போகிறவனுக்கு மைதானம் என்ன தருகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் போனது தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம். நகருக்குள்ளேயே இருப்பதால் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம். ஆனால் ஓடுதளம் சுற்றிய அரங்கு எதுவானாலும் கால்பந்து பார்க்கிறவனுக்கு ஒரு நஷ்டம் உண்டு, அதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். முறைப்படி அமைந்த 400 மீட்டர் ஓடுதளத்தில் தடம் ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம். எட்டுத் தடம் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர். அதற்கும் உள்ளே தள்ளித்தான் பக்கக் கோடு தொடங்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடுதளம் வளைந்து செல்வதால், அங்கே நிற்பவருக்கும் கம்பத்துக்கும் இடையில் 35 மீட்டராவது வந்துவிடும். அவ்வளவு தூரத்திலிருந்து பந்து வலையில் விழுந்ததா, வலைக்கு வெளியே உரசிப் போனதா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயிலாடுதுறையின் ராஜன்தோட்டத்தில் உள்ள சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) விளையாட்டரங்கத்துக்கு ரயிலில் போய் ரயிலிலேயே திரும்பினோம். வண்டி ஓட்டும் நண்பருக்கு அன்று ஒருநாள் ஓய்வு கிடைத்தது. வேறோர் ஊரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை: மூன்று மணி ஆட்டம் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது, கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பெயரைச் சொன்னார்கள்.

நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததே மன்னார்குடிக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துத் திடலுக்காகத்தான். நாற்புறமும் வயல், நடுவில் சற்று மேடான புறம்போக்கு. சம்பா அறுப்புக்கு முன்பே தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் வயலை விட்டு ஏறிய பிறகுதான் வண்டிகளை நிறுத்த இடம் கிடைக்கும் என்பதால், போட்டியைச் சித்திரைக்கு மேல்தான் வைக்கிறார்கள். களிமண் பூமி கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். அந்த வெடிப்புகளில் மணலைக் கொட்டி, மாலை நான்கு மணிக்கு டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, கால் வைத்தால் ஒட்டாத, தூசியும் பறக்காத பதத்துக்குத் தரையைக் கொண்டுவருகிறார்கள். அப்படியும் பந்து சில இடங்களில் நினைத்த பக்கம் எழும்பாது. உள்ளூர் அணியின் தற்காப்பு ஆட்டக்காரருக்கு அந்த இடங்கள் அத்துப்படி. வெளியூர்க்காரர் இரண்டு முறை ஏமாந்த பிறகே கற்றுக்கொள்கிறார்.

இங்கே இருக்கை கிடையாது. சவுக்குக் கம்புகளை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு வெளியே பாயோ துண்டோ விரித்துக்கொள்ள வேண்டியதுதான். சுண்ணாம்புக் கோடு நமக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. கொடி பிடித்து ஓடிவந்த பையன், "அண்ணே, கால மடக்கிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். எழுவர் ஆட்டத்தில் இங்கே ஆஃப்சைடு பார்ப்பதில்லை என்பதால் பந்து வெளியே போனதைக் காட்டுவது மட்டுமே அவன் வேலை. அதிலும் பாதியைக் கூட்டமே பார்த்துக்கொள்கிறது. கார்னர் உதைக்க வந்தவர் என் நண்பரின் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பந்தை வைத்தார். மூச்சு வாங்குவதும், கோல்கீப்பர் தன் ஆளைத் திட்டுவதும் தெளிவாகக் கேட்கும் இந்த நெருக்கத்தை எந்த அரங்கிலும் நான் அனுபவித்ததில்லை.

ஓர் அணிக்குக் காரைக்காலிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். டீக்கடையில் அதையொட்டி ஒரு வாதமே நடந்தது: மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் புதுச்சேரிக்குத் தனி அணி உண்டு, காரைக்கால் அந்த ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது, ஆகவே இருபது கிலோமீட்டரில் உள்ள நாகப்பட்டினத்துக்காரரும் இவரும் எதிரெதிர் அணிகளில் நிற்க வேண்டியவர்கள் என்று ஒரு பெரியவர் விளக்கிக்கொண்டிருந்தார். இந்தத் திடலில் இருவரும் ஒரே பனியனில் ஆடினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோல் விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதை நிர்வாகிகள் உடனே சரிசெய்தாக வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியல் போன்ற ஒரு தகர டப்பா மட்டும் சுற்றி வருகிறது.

போக நினைப்பவர்கள் ஜூன் நடுப்பகுதிக்குள் போய்விட வேண்டும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், ஆடுகிற பையன்கள் பாதிப்பேர் நாற்றங்காலில்தான் நிற்பார்கள். தண்ணீர்க் கேனைக் கையோடு கொண்டுபோங்கள். திடலின் மேற்குப் பக்கமாக உட்காருங்கள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் கடைசி அரைமணி நேரமும் வெயில் கண்ணிலேயே அடிக்கும்.