மறுபடி மெட்டி போடலாம் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கினார்கள்

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, அவருக்குக் கால் விரலும் வளைந்திருந்தால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் செக்கிங், நாள் முழுக்க நின்றபடி வேலை. வலது கால் கட்டைவிரல் மெல்லச் சாய்ந்து பக்கத்து விரலுக்கு அடியில் புகுந்துவிட்டது. பக்கத்து விரல் வளைந்து மேலே ஏறிக்கொண்டது. கட்டைவிரல் மூட்டு புடைத்து நிற்கும். இரண்டு வருடம் முன்பு மெட்டி கழலவே இல்லை. ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். வலியைவிட அந்த வெறும் விரல்தான் அம்மாவுக்கு உறுத்தல்.

கல்யாண மண்டபம் ஒன்றில் 'இலவச பாத முகாம்' போட்டிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் ஏறி நின்றால் காலின் படம் கலர் கலராக வரும். சிவப்பாக இருந்த இடத்தைக் காட்டி, வெள்ளைக் கோட்டுப் போட்டவர், "இன்னும் விட்டா நடக்கவே முடியாதும்மா" என்றார். அம்மா வாய்விட்டு மெட்டிக் கதையைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "மூணே மாசம், மறுபடி மெட்டி போடலாம்." ராத்திரி மாட்டும் பட்டை, விரலிடுக்கில் வைக்கும் சிலிக்கான் துண்டு, பத்து தடவை மெஷின் வைப்பது, எல்லாம் சேர்த்து 18,500. அம்மாவின் சீட்டுப் பணம் 15,000, மீதியை ஜிபே பண்ணியது நான்தான். ஆகவே மடத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சர்க்கரை இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பதினான்கு வருடமாக இருக்கிறது. காலைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பாத்ரூம் வாசல் மிதியடியில் ரத்தக்கறை. சிலிக்கானை எடுத்துப் பார்த்தால் விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்து, நடுவே மிளகளவு புண். "வலிக்கவே இல்லையே" என்றார் அம்மா. வலிக்காததுதான் ஆபத்து என்பது அப்போது எனக்குத் தெரியாது. போன் பண்ணினால், "கெட்ட நீர் வெளியேறுது, கழட்டாதீங்க" என்கிறார்கள். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், இந்தப் பதிலை மறக்க மாட்டேன்.

நேரே அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முதலில் கேட்டது அம்மாவின் செருப்பை. அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பல இடங்களில் அம்மாவிடம் பதிலே இல்லை. சர்க்கரையால் அங்கெல்லாம் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் பனியன்" (bunion) என்றார். "ஆமாங்க, பனியன் கம்பெனிதானுங்க" என்றார் அம்மா. அந்த அறையில் அன்றைக்கு எல்லோரும் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அவர் சொன்னது இதுதான். புதிதாக எலும்பு எதுவும் வளரவில்லை. உள்ளே எலும்பு விலகியதால் மூட்டு புடைத்துத் தெரிகிறது. பட்டை மாட்டியிருக்கும் வரை விரல் நேராக நிற்கும், கழற்றினால் பழைய இடத்துக்கே போய்விடும். அகலமான செருப்பும் மெத்தை வைப்பதும் உரசலையும் வலியையும் குறைக்கும், விரலை நேராக்காது. நேராக்க ஆபரேஷன்தான்: எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்குரூ போடுவார்கள். ஆறு வாரம் போல தனிச் செருப்பு, வீக்கம் வடிய மாதக்கணக்கு. அதையும் வலிக்காகச் செய்வார்களே தவிர அழகுக்காக அல்ல. அம்மா மாதிரி ஆட்களுக்கு முதலில் சர்க்கரையும் காலின் ரத்த ஓட்டமும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்து விரல் கையால் நீட்டினால் நீள்கிற நிலையில் இருந்திருந்தால் பேடு, டேப் என்று சமாளிக்கலாம், அம்மாவுடையது இறுகிவிட்டது.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. இப்போது முன்பக்கம் அகலமான, பின்னால் வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு பில்லைப் பார்க்கச் சொன்னார்கள். 'வெல்னஸ் பொருட்கள் விற்பனை, திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது. சிகிச்சை என்ற சொல்லே இல்லை. டாக்டர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில், ஜிபே விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். எங்களிடம் காட்டிய விளம்பரம் இப்போது இணையத்தில் இல்லை.

போன வாரம் பல்லடத்தில் ஒரு சுவரில் அதே கால் படம் போட்ட போஸ்டரைப் பார்த்தேன். நிறுவனப் பெயர் வேறு, போன் நம்பர் அதேதான். முகாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.