வெள்ளி விலை ஏறிய அன்று வெளிப்பட்ட குறை: ஸ்ட்ரக்சர்டு டேட்டா சேவை பற்றி ஒரு கொலுசுக் கடைக்காரரின் மதிப்பீடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் மெட்டியும் விற்கும் எங்கள் கடைக்கு இணையதளம் உண்டு. ஆனால் கூகுளில் தேடினால் வெறும் தலைப்பும் இரண்டு வரி விவரமும்தான் வரும். அதற்கு மேலும் கீழும் உள்ள வெளியூர்க் கடைகளுக்கோ விலை, இருப்பு, நட்சத்திரம் என்று எல்லாம் தெரியும். அதனால், பொருளின் பெயர், விலை, இருப்பு ஆகியவற்றைத் தேடுபொறி படித்துக்கொள்ளும்படி பக்கத்தின் நிரலில் எழுதிவைக்கும் குறிப்பான ஸ்ட்ரக்சர்டு டேட்டாவை அமைத்துத் தரும் உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் மொத்தத் தொகை பேசி வேலையை ஒப்படைத்தோம்.

அடிப்படை வேலையைச் சுத்தமாகவே செய்தார்கள். கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொற்தொகுதியிலிருந்து 'புராடக்ட்' (பொருள்), 'ஆஃபர்' (விற்பனை விவரம்) ஆகிய வகைகளை எடுத்து, கூகுள் பரிந்துரைக்கும் ஜேசன்-எல்டி என்ற நிரல் வடிவில் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் சேர்த்தார்கள். விலையை ரூபாய்க் குறியோ காற்புள்ளியோ இல்லாமல் 3450 என்று வெறும் எண்ணாக எழுதி, ஐஎன்ஆர் என்ற நாணயக் குறியைத் தனிப் புலத்தில் தர வேண்டும் என்பதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். 'டிசைன் 114' என்று நாங்கள் வைத்திருந்த பெயர்களையும் 'சலங்கை வைத்த வெள்ளிக் கொலுசு, 10 அங்குலம், ஜோடி' என்பதுபோல் மாற்றச் சொன்னார்கள். பட்டறைக்காரருக்குப் புரியும் எண்ணை வாங்க வருபவர் தேடமாட்டார் அல்லவா? சில வாரங்களில் எங்கள் பக்கங்கள் சிலவற்றுக்குத் தேடல் முடிவிலேயே விலையும் இருப்பும் தெரியத் தொடங்கின.

குறை வெள்ளி விலை ஏறியபோதுதான் வெளிப்பட்டது. காலையில் ரேட் வந்ததும் நாங்கள் கிராம் விலையை மாற்றுவோம். எடை, சேதாரம், கூலி ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பக்கத்தில் தெரியும் விலை தானாக மாறிவிடும். ஆனால் மார்க்கப்பில், அதாவது நிரலில் சேர்த்த அந்தக் குறிப்பில், உள்ள விலையை அந்த நிறுவனத்தார் கையால் அடித்து வைத்திருந்ததால், அது வேலை முடித்துக் கொடுத்த நாளிலேயே நின்றுவிட்டது. "ஏங்ணா, கூகுள்ல ஒரு விலை காட்டுது, உள்ள வந்து பாத்தா நானூறு ரூபா கூட இருக்குதே?" என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்ட பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. பக்கத்தில் தெரியும் விலையும் மார்க்கப் விலையும் ஒரே கணக்கிலிருந்து வரும்படி மாற்றித் தாருங்கள் என்றதற்கு, அது தனி வேலை என்று மீண்டும் பணம் கேட்டார்கள். வெள்ளிக் கடைக்கு அது தனி வேலை அல்ல, முதல் வேலை என்பதே என் கருத்து. ஆனாலும் கொடுத்துத் தொலைத்தோம்.

இதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வாடிக்கையாளர் மதிப்புரை ஒன்றுகூட இல்லாதபோது, 4.8 நட்சத்திரம் என்று மார்க்கப்பில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் பார்ப்பவருக்குத் தெரியாத மதிப்பீட்டை மார்க்கப்பில் வைப்பது கூகுளின் விதிக்குப் புறம்பானது. கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தால், சாதாரணத் தேடலில் நம் வரிசை குறையாவிட்டாலும், விலை, நட்சத்திரம் போன்ற கூடுதல் தோற்றம் பறிபோகும். அன்றே நீக்கச் சொன்னோம், மறுபேச்சின்றி நீக்கினார்கள்.

தேடலில் முதலிடம் கிடைக்கும் என்று நம்பி இதற்குப் பணம் கட்ட வேண்டாம். மார்க்கப் சரியாக இருந்தாலும் கூடுதல் விவரத்தைக் காட்டுவதும் காட்டாததும் கூகுளின் விருப்பம்.

ஏற்காட்டுக் காப்பித்தூளும் மிளகும்போல மாதக்கணக்கில் ஒரே விலையில் பொட்டலம் விற்பவருக்கு இந்த நிறுவனத்தின் வேலை தாராளமாகப் போதும். நகைக்காரர்கள் முன்பணம் கொடுக்கும் முன், விலை தானாக மாறும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு ரேட் மாறிய ஒரு நாளில் ஏதேனும் ஒரு பொருளின் பக்க முகவரியை, மார்க்கப்பைப் படித்துக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் ஒட்டி, அது காட்டும் விலையைத் தம் பக்கத்து விலையோடு ஒப்பிட்ட பின்பே மீதித் தொகையைக் கொடுக்க வேண்டும்.