கிளீனராகப் போவதா, பள்ளியில் சேர்வதா? லாரி ஓட்டப் பழக எது நல்ல வழி?

சங்ககிரிக்காரரான என் சித்தப்பா ஏழு ஆண்டுகள் கிளீனராக இருந்து லாரி ஓட்டப் பழகினார். அவருடைய மகன் இப்போது அதே தொழிலுக்கு வர ஆசைப்படுகிறான். கிளீனராகப் போவதா, ஊரிலுள்ள டிரைவிங் ஸ்கூலா, பெரிய பயிற்சி நிலையமா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு.

எந்த வழியில் போனாலும் சட்டம் கேட்பது ஒன்றுதான். வயது 20 நிரம்ப வேண்டும். இலகு ரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகே கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். ஆகவே முதலில் கார் பழகிவிடுங்கள். அந்த ஓராண்டு வீண் அல்ல.

கிளீனர் வழியில் செலவில்லை, பேட்டாவும் கிடைக்கும். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இறுக்குவது, டயரைத் தட்டிக் காற்றை அறிவது, சோதனைச் சாவடியில் பேசுவது ஆகியவற்றை வேறெங்கும் இவ்வளவு நன்றாகக் கற்க முடியாது. ஆனால் சொல்லிக்கொடுப்பவரின் தவறும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும். சித்தப்பாவின் குரு, டீசல் மிச்சம் என்று தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் வண்டியை இறக்குவார். சித்தப்பாவும் பல ஆண்டுகள் அப்படியே இறக்கினார். நியூட்ரலில் இன்ஜினின் பிடிப்பு போய்விடுகிறது. மொத்தச் சுமையையும் பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காமல் போகும். அந்தச் சரிவில் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. இன்னொன்று: லைசென்ஸ் இல்லாத கிளீனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

எட்டாம் வகுப்பு தேறியிருந்தால்தான் லாரி லைசென்ஸ் என்ற விதி இருந்தவரை, அந்தப் படிப்பு இல்லாதவர்கள் எந்த வழியில் லாரி பழகினாலும் லைசென்ஸ் எடுக்க முடியவில்லை. 2019-இல் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. இனி படிப்பு இல்லை என்பது எந்த வழிக்கும் தடையில்லை.

ஊர் டிரைவிங் ஸ்கூலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிப்படி போக்குவரத்து வாகனத்துக்கு 15 மணி நேரமாவது ஓட்டப் பழக்க வேண்டும். பல இடங்களில் காலி லாரியில், ஐந்து பேர் மாறி மாறி உட்கார்ந்து, ஆர்.டி.ஓ. தேர்வில் தேறும் அளவுக்குப் பழகுகிறார்கள். லைசென்ஸ் வரும், தொழில் வராது.

பயிற்சி நிலையம் வேறு ரகம். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென 2021-இல் வந்த விதிகள், கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம் என்கின்றன. ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் குறைந்தால் வண்டி ஏன் தானாகப் பூட்டிக்கொள்கிறது, இறக்கத்தில் எந்தக் கியரில் இறங்க வேண்டும், இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை எப்போது போட வேண்டும் என்று காரணத்தோடு கற்பதால், தவறான பழக்கம் ஒட்டுவதில்லை. வீட்டைவிட்டுத் தங்க வேண்டும், அத்தனை நாள் வருமானம் இருக்காது. ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய விஷயமல்ல.

இருந்தாலும் என் தம்பிக்கு நான் சொன்னது பயிற்சி நிலையம்தான். ஆனால் சான்றிதழை வாங்கியதும் தனியாக லோடு ஏற்றிப் போய்விடக் கூடாது. பிரேக் போட்டபின் 18 டன் வண்டி காலியாக இருக்கும்போது ஓடி நிற்கும் தூரமும் முழுச் சுமையோடு ஓடி நிற்கும் தூரமும் ஒன்றல்ல. லைசென்ஸ் கையில் வந்தபின் ஆறு மாதமாவது, நிதானமான டிரைவர் ஒருவருடன் இரண்டாவது டிரைவராகப் போக வேண்டும். கிளீனர் வழியில் இருந்த நல்லது அத்தனையும் அப்போது கிடைத்துவிடும்.

எங்கே சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்டியரிங் என் கையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? லோடு ஏற்றிய வண்டியை ஒரு நாளாவது ஓட்டக் கொடுப்பீர்களா?