சென்னை டு மதுரை குட்டி பிளைட்டு, 5க்கு 3.5
போன வாரம் சென்னையில இருந்து சீப் டிக்கெட் பிளைட்டுல வந்தேன், ரெக்கைல காத்தாடி சுத்துற ஏடிஆர், பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா தூங்கி வர்ற தூரத்த ஒன்றரை மணிநேரத்துல முடிச்சுட்டாய்ங்க, சத்தம் மட்டும் மினிபஸ் மாதிரி. சீப்புனுதான் பேரு, பேக் வெயிட் கூடுனா தனி காசு, ஜன்னல் சீட்டுக்கு தனி காசு. 80 சீட்டுக்குள்ள இருக்க பிளைட்டுக்கு நம்ம நாட்டுல லேண்டிங் சார்ஜ், அதாவது எறங்குறதுக்கு கம்பெனி ஏர்போர்ட்டுக்கு கட்டுற காசு, இல்ல, சின்ன ஏர்போர்ட்டுக்கு இத விடுறதுக்கு அதுவும் ஒரு காரணம், நமக்கும் லாபம்தான். ஆனா மதுரை ரன்வே ஏறக்குறைய 7,500 அடிதான், அத நீட்டுனாத்தான் இன்னும் பெரிய பிளைட்டெல்லாம் வரும். எறங்கி பெரியார் பஸ்ஸ்டாண்டு போக ஆட்டோண்ணே கேட்ட ரேட்டுலதான் தல சுத்திருச்சு, பேசாம ஏர்போர்ட் பக்கத்துல இருக்க பெருங்குடி வர நடந்து வந்து பஸ் ஏறிட்டேன்.