ஆவணியில் தாய்லாந்துத் தேனிலவு: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆடி முடிந்து ஆவணியில் கல்யாணம், கையோடு தாய்லாந்துக்குத் தேனிலவு என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்களா? எந்த டிராவல்ஸுக்கும் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் நானும் என் கணவரும் போய்ப் பட்டதை எழுதுகிறேன்.

எங்களுக்கு விற்றது பாங்காக், புக்கெட், ஃபீ ஃபீ தீவு, கிராபி, கோ சாமுய், மறுபடி பாங்காக் என்று பல ஊர்களைக் கோத்த ஒரு பேக்கேஜ். விற்றவர்கள் மதுரையில் நல்ல பெயரோடு நடக்கும் ஒரு டிராவல்ஸ். என் கணவரின் மாமா மகன் 2023 ஜனவரியில் அவர்கள் மூலமாகத்தான் போய் வந்தார், ஒரு குறையும் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவருக்குக் கொடுத்த அதே திட்டத்தைத் தேதியை மட்டும் மாற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு இரண்டு பிடிஎஃப்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரிக்கு வரி ஒன்று. எழுத்துப்பிழைகூட அதே இடத்தில் இருந்தது.

ஜனவரித் திட்டத்தைச் செப்டம்பரில் விற்றால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமழையில் கேரளக் கரை நனையும்போது சென்னை காய்ந்து கிடப்பது நமக்குத் தெரியும். தெற்குத் தாய்லாந்தும் அப்படித்தான். புக்கெட், ஃபீ ஃபீ, கிராபி மூன்றும் மேற்கே அந்தமான் கடல் பக்கம். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழையும் கடல் கொந்தளிப்பும். கோ சாமுய், கோ பங்கான், கோ தாவ் தீவுகள் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பெரும்பாலும் வெயில்தான். பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் நவம்பரில் அதிகம். அந்த நாட்டுக்கு ஆள் அனுப்புகிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. நாங்கள் மழை பற்றிக் கேட்டபோது வந்த பதில்: "மேடம், இப்ப ஆஃப் சீசன், அதான் ரேட் கம்மி. மழை ஒரு அரை மணி நேரம் பெஞ்சு விட்டுரும். நாங்க பாத்துக்குறோம்."

திட்டத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது மாயா பே. ஃபீ ஃபீ லே என்ற சின்னத் தீவில், மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறை சூழ்ந்த கடற்கரை. கூட்டத்தால் பவளப்பாறைகள் அழிந்துபோய் 2018 ஜூனில் அதை மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதன் பிறகும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை இயற்கை தேறுவதற்காக மூடி வைக்கிறார்கள். 2025லும் மூடினார்கள். அது நல்ல காரியம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆவணி மாதம் முழுக்க அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகிறது! ஆவணிக் கல்யாண ஜோடிக்கு மாயா பே என்று பணம் வாங்குவது, பூட்டிய கடைக்குள் இருக்கும் பொருளை விற்பது. நுழைவுக் கட்டணம் உட்பட என்று பில்லில் தனி வரியே போட்டிருந்தார்கள்.

பில் என்றதும் விசாவைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் விசா கட்டணமாக 10,600 ரூபாய் வாங்கினார்கள். மாமா மகன் போன காலத்தில் நம்மவர்களுக்கு விமான நிலையத்தில் போய் விசா வாங்க ஆளுக்கு 2,000 பாட் (தாய்லாந்துப் பணம்) கட்ட வேண்டியிருந்தது. 2023 நவம்பரிலேயே அது நீங்கிவிட்டது. 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் வரை விசாவே வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் போனபோது ஒரு பைசா கேட்காமல் முத்திரை குத்தி அனுப்பினார்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று கட்டாயம். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில் நாமே நிரப்பலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் 'டாக்குமெண்டேஷன்' என்று தனியாக வாங்கியிருந்தார்கள்.

போய் இறங்கிய அன்றே முதல் அடி. சென்னையிலிருந்து போன விமானம் டான் முவாங் விமான நிலையத்தில் இறங்கியது. புக்கெட் விமானம் சுவர்ணபூமியிலிருந்து. இரண்டும் பாங்காக் என்றே டிக்கெட்டில் இருக்கும், ஆனால் ஒன்று நகரின் வடக்கே, மற்றது கிழக்கே, நடுவில் 40 கிலோமீட்டருக்கு மேல். இடைவெளி என்று கொடுத்திருந்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, பாங்காக் போக்குவரத்து எல்லாம் அதற்குள் முடிய வேண்டுமாம். விமானம் போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் எந்த விமான நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை, கையிலிருந்து பணம் போட்டுப் புது டிக்கெட் எடுத்தோம். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகியிருக்கும். தனித்தனியாக எடுத்தால் ஏஜெண்டுக்குக் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.

இதையெல்லாம்கூடப் பணத்தோடு போச்சு என்று விட்டிருப்பேன். புக்கெட்டில் நடந்ததை என்னால் விட முடியவில்லை.

படோங் கடற்கரை நெடுக சிவப்புக் கொடி. கடலில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். மழைக்காலத்தில் அந்தக் கொடியை மதிக்காமல் இறங்கி உயிர்விடும் சுற்றுலாப் பயணிகள் வருடாவருடம் இருக்கிறார்கள். மறுநாள் காலை ரசாடா படகுத்துறைக்குப் போனால், அலை அதிகம், ஃபீ ஃபீ போகும் எங்கள் ஸ்பீட் போட் ரத்து என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் அலை உயரக் கணிப்பைத் தன் கைப்பேசியில் காட்டி, நாளை பெரிய ஃபெர்ரி போனால் போகலாம், இன்று எதிலும் ஏறாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். ஏஜெண்டுக்கு ஃபோன் செய்தோம். அவர் சொன்னது: "அங்க லோக்கல்ல சின்ன போட் இருக்கும் சார், பேசி விடுறேன், போயிருங்க. ஃபீ ஃபீ ரூம் நான்-ரீஃபண்டபிள்."

2018 ஜூலையில் இதே புக்கெட் கடலில், வானிலை எச்சரிக்கை இருந்த நாளில், ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். தாய்லாந்துச் சுற்றுலாத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஒரு ராத்திரி அறை வாடகையைக் காப்பாற்ற, புதிதாகக் கல்யாணமான இரண்டு பேரைக் கொந்தளிக்கும் கடலில் அனுப்பப் பார்த்த ஆளை நான் எப்படி மன்னிப்பது? நாங்கள் ஏறவில்லை. ஃபீ ஃபீயை விட்டுவிட்டு வேன் பிடித்துத் தரைவழியாகக் கிராபி போனோம்.

கிராபியில் 'ரயிலே' (Railay) என்ற கடற்கரையில் அறை. 'தனிக் காரில் ஹோட்டல் வாசலில் இறக்கம்' என்று திட்டத்தில் இருந்தது. ரயிலேவுக்குச் சாலையே கிடையாது. சுற்றிலும் செங்குத்துப் பாறை, படகில்தான் போக முடியும். கார் ஆவ் நாங் என்ற பக்கத்துக் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அலை சற்றுத் தணியும் வரை காத்திருந்து, அங்கிருந்த படகுக்காரர்களே போகலாம் என்ற பிறகு நீள்வால் படகில் போய்ச் சேர்ந்தால், வரவேற்பில் எங்கள் பெயரில் அறை இல்லை. மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். மே மாதம் பதிவு, ஜூலையில் ரத்து. எங்கள் கையில் இருந்த வவுச்சரில் டிராவல்ஸின் சொந்த எண் மட்டும்தான் இருந்தது, ஹோட்டல் கொடுத்த உறுதி எண் இல்லை.

இந்த வித்தையைப் புரிந்துகொள்ளுங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்து, அந்தத் தாளை நம்மிடம் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதை ரத்து செய்துவிட்டு, கடைசி நேரத்தில் மலிவாக வேறு கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். கிடைத்தால் 'அதற்கு இணையான ஹோட்டல்' என்று தள்ளிவிடுவார்கள். கிடைக்காவிட்டால் நாம் நடுத்தெருவில். இதைப் பிடிக்க ஒரு மின்னஞ்சல் போதும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு ஹோட்டலுக்கும் நேரடியாக எழுதி, உங்கள் பெயர், தேதி, அறை வகை, பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தேனிலவு என்றும் சொல்லுங்கள். பூ அலங்காரமும் கேக்கும் சில ஹோட்டல்கள் தாமாகவே செய்து தருகின்றன. எங்களிடம் அதற்கும் தனிக் காசு வாங்கியிருந்தார்கள், எந்த ஹோட்டலுக்கும் சொல்லியிருக்கவில்லை.

கோ சாமுயில் மட்டும் வானம் தெளிவாக இருந்தது, கடல் அமைதியாக இருந்தது. கிராபியிலிருந்து பேருந்து, பிறகு டோன்சாக் துறையில் ஃபெர்ரி என்று ஒரு பகல் முழுக்கப் போனது (திட்டப்படி அன்று மதியம் சாமுயில் ஊர் சுற்ற வேண்டுமாம்). ஆவணியில் போகிறவர்களுக்கு என் கருத்து: மேற்குக் கரையை விட்டுவிடுங்கள், சாமுய், பங்கான், பாங்காக் என்று மூன்றே இடம் போதும். கார்த்திகையில் கல்யாணம் என்றால் தலைகீழ், சாமுய் வேண்டாம், புக்கெட், கிராபி பக்கம் வானம் தெளியத் தொடங்கியிருக்கும்.

எந்த டிராவல்ஸாக இருந்தாலும் மொத்தமாக ஒரு விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விமானம், ஹோட்டல், படகு, நுழைவுக் கட்டணம் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். அப்புறம் டிசிஎஸ், அதாவது விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிப்பது சட்டம், நாங்கள் கட்டியபோது 5 சதவீதம். இது செலவு இல்லை, நம் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடிகிற பணம். எங்களிடம் 10,500 ரூபாய் பிடித்தவர்கள் பான் எண்ணையே கேட்கவில்லை. பல மாதம் கழித்து, நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தோம், ஒரு வரியும் இல்லை. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வாங்கி அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்தோம். அதன் பிறகுதான் ஃபோனை எடுத்தார்கள். விசாப் பணமும் ரயிலே அறை வாடகையும் திரும்பி வந்தன. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

இதே மாதிரி ஏமாந்து, போகட்டும் என்று விட்டவர்கள் இருந்தால் வவுச்சரையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து இரண்டு வருடம் வரை வழக்குப் போட நேரம் இருக்கிறது. எங்களுக்கு அதிகம் உதவியது அந்தச் 'சின்ன போட்' உரையாடலுக்குப் பின் ஏஜெண்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான். அதைப் படம் பிடித்து முதல் பக்கத்திலேயே இணைத்திருக்கிறோம்.